கொட்டகையிலிருந்து வெளியே வந்த டிராக் ரேஸ் கார்: எழுப்புவதா, புதுப்பிப்பதா, மறுபடி ஓட்டுவதா?

1964க்கும் 1970க்கும் இடையில் அமெரிக்கக் கார் கம்பெனிகள் டிராக் ரேஸ் எனப்படும் கால் மைல் நேர்ப்பாதை ஓட்டத்துக்கென்றே சில கார்களைக் கட்டி விற்றன. 1964 ஃபோர்டு ஃபேர்லேன் தண்டர்போல்ட் சுமார் 100 கார்கள்தான். 1969 செவர்லே கமாரோ இசட்எல்1 வெறும் 69. கிரைஸ்லர் கம்பெனியின் ஹெமி என்ற ஓட்ட என்ஜின் வைத்த 1968 டாட்ஜ் ஹெமி டார்ட் சுமார் 80, அதன் இரட்டையான பிளைமவுத் ஹெமி பாரகுடா சுமார் 70. இவை போக, ஷோரூமில் வாங்கிய ரோட் ரன்னர், செவெல், ஜிடிஓ கார்களையும் ஆயிரக்கணக்கானோர் வார இறுதிகளில் ஓட்டப்பாதைக்குக் கொண்டுபோனார்கள். என்ஜின் வெடித்ததாலோ, பணம் தீர்ந்ததாலோ, குடும்பம் பெருகியதாலோ அவற்றில் பல 1970களில் கொட்டகைக்குள் தள்ளப்பட்டன. இன்றும் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன.

அப்படி ஒன்று கைக்கு வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே. தூசியோடு அப்படியே வைத்து என்ஜினை மட்டும் எழுப்பலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைப்போல் புதுப்பிக்கலாம். ஓடிய காலத்துத் தோற்றத்துக்குத் திருப்பலாம். இன்றைய விதிகளின்படி மறுபடி ஓட்டத்துக்கே இறக்கலாம். நான்குமே நியாயமான வழிகள். ஆனால் ஒன்றில் இறங்கிய பிறகு மற்றொன்றுக்குத் திரும்புவது பெரும்பாலும் முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், திரும்ப முடியுமா என்பது. பிரேக் குழாயை மாற்றினால் பழையதைப் பையில் போட்டு வைக்கலாம். சுரண்டிய பெயின்டைத் திரும்ப ஒட்ட முடியாது. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே கூடுதல் எடை தரவேண்டும்.

இரண்டாவது, ஓடியதற்கான ஆதாரம். புகைப்படம், ஓட்ட நேரம் குறித்த சீட்டான டைம் ஸ்லிப், கண்ணாடியில் ஒட்டிய பரிசோதனை ஸ்டிக்கர், வகுப்பு வெற்றி டீக்கால் ஆகியவை காகித ஆதாரம். காரின் உடம்பிலும் ஆதாரம் இருக்கும்: முன் பம்பர் தாங்கிகளில் இழுவைக் கம்பி மாட்டப் பற்றவைத்த காதுகள், பின்சக்கர வளைவில் வெட்டிய விளிம்பு, டிக்கிக்கு மாற்றிய பேட்டரியின் அடித்தட்டு, டேஷ்போர்டில் டேக்கோமீட்டருக்குப் போட்ட ஓட்டை. பிரபல அணிகளின் வண்ணத்தில் போலிகள் ஏராளம் என்பதால், இந்தத் தழும்புகள்தான் உண்மையான காரின் கைரேகை.

மூன்றாவது, என்ன மிச்சமிருக்கிறது: பிறந்தபோது இருந்த என்ஜின், கியர்பாக்ஸ், தகடுகள். நான்காவது, எதற்காக வேண்டும். கண்காட்சிக்கா, ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றவா, கால் மைலுக்கா? பணம் கடைசியில்தான் வருகிறது. அது சிறிய விஷயம் என்பதால் இல்லை. மேலே உள்ள நான்கும் தெளிவாகாமல் போடும் பட்ஜெட் எதுவும் நிற்காது என்பதால்.

## எந்த வழியானாலும் முதலில் செய்யவேண்டியவை

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டுத்தான் பெரும்பாலான சேதம் நேர்கிறது. கார் வந்த அன்றே பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்புவதைப்போல் கெட்ட யோசனை வேறில்லை.

கழுவாதீர்கள். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எலிக்கூடு இருந்தால் உலர்ந்த நிலையில் பெருக்கவோ வேக்குவம் போடவோ கூடாது. எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு அள்ளுங்கள். அக்காலப் பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது.

அடுத்து காகித வேட்டை. டாட்ஜ், பிளைமவுத் போன்ற கிரைஸ்லர் கார்களில், எந்தெந்த உதிரி போட்டுக் கட்டவேண்டும் என்று தொழிற்சாலையில் எழுதிய கட்டுமானத் தாள் பின்சீட்டு ஸ்பிரிங்குகளுக்குள் சொருகிக் கிடக்கலாம். செவெல் காரில் அது பெட்ரோல் டாங்கின் மேல்முகத்தில் ஒட்டியிருக்கும். டாங்கை இறக்குமுன் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரக்கையோடு இழுத்தால் தாள் கூழாகிவிடும். டேஷ்போர்டில் உள்ள, தொழிற்சாலை தந்த வண்டி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 1968க்குப் பிந்தைய கிரைஸ்லர்களில் ரேடியேட்டர் தாங்கியிலும், டிக்கி ரப்பருக்கு அடியில் உள்ள ஓரத்திலும் அதன் கடைசி இலக்கங்கள் அடித்திருக்கும். 1969 கமாரோவில் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் தேடவேண்டும். உரிமைப் பத்திரம் இல்லாத கார் என்றால், மாநிலத்தின் வண்டிப் பதிவு அலுவலகத்தில் அது தீரும்வரை ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம்.

பிறகு என்ஜின். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 30 மில்லி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடுங்கள். போரஸ்கோப் என்ற குழல் கேமராவை விட்டுத் துரு வளையம் உண்டா என்று பாருங்கள். ராக்கர் மூடிகளைத் திறந்து, கிராங்க் முனை போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, கையால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கருணை கிடையாது: ஒரு வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால் புஷ்ராடை வளைத்துவிட்டுத்தான் நிற்கும். கைக்கு மசியவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுவதே மலிவு.

ஓட்டக் கார்களுக்கே உரிய ஒரு ஆபத்தும் உண்டு. ஓட்டப்பாதையில் வழுக்கும் என்று ரேடியேட்டரில் உறைதடுப்பான் சேர்க்காமல் வெறும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதை வடிக்காமல் மிச்சிகனிலோ ஒஹையோவிலோ ஒரு குளிர்காலம் நிறுத்தியிருந்தால் பிளாக் வெடித்திருக்கும். தண்ணீர் அறையை அழுத்தச் சோதனை செய்யாமல் ஆயில் ஊற்றிப் பயனில்லை.

ஆயில் பம்பை முன்கூட்டியே சுழற்றி அழுத்தம் ஏற்றவேண்டும். பெரிய கிரைஸ்லர் வி8களிலும் ஹெமியிலும் டிஸ்ட்ரிபியூட்டரையும் இடைத்தண்டையும் உருவி, 5/16 அங்குல அறுகோணத் தண்டை இறக்கி, ட்ரில் மெஷினைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டவேண்டும். செவர்லே வி8இல் கடிகாரத் திசை. அதற்கென்று வளையம் வைத்த கருவி வேண்டும், இல்லையென்றால் ஆயில் டிஸ்ட்ரிபியூட்டர் குழியிலேயே கசிந்து லிஃப்டர்களுக்குப் போகாது. கிரைஸ்லரில் இன்னொரு நுணுக்கம்: கேம்ஷாஃப்ட் குறிப்பிட்ட கோணத்தில் நிற்கும்போதுதான் ராக்கர் தண்டுக்கு ஆயில் ஏறும். ட்ரில் ஓடும்போதே ஒருவர் கிராங்கைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, இரு பக்கமும் ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்கவேண்டும்.

முதல் ஓட்டத்துக்குப் பழைய டாங்கை இணைக்காதீர்கள். தனிக் கேனிலிருந்து பெட்ரோல் கொடுங்கள். ஆயிலில் துத்தநாகச் சேர்மம் 1,000 முதல் 1,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருக்கட்டும். அக்காலத் தட்டை லிஃப்டர் கேம்களை இன்றைய சாதாரண ஆயில் தேய்த்துவிடும். லிஃப்டர்களைக் கழற்றினால் எது கேமின் எந்த மேட்டில் இருந்தது என்று எழுதி வையுங்கள், கலந்துபோனால் கேமும் போனது. சூடான பிறகு சிலிண்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றிக் கசிவுச் சோதனை செய்யுங்கள்: ஒரு சிலிண்டரில் கசிவு 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி, 20ஐத் தாண்டினால் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

ஓட்டக் காலத்து அலுமினிய கனெக்டிங் ராடுகள் உள்ளே இருந்தால் இந்த முதல் ஓட்டமே வேண்டாம். அவற்றுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு, எத்தனை ஓட்டம் முடிந்தது என்பது யாருக்கும் தெரியாது. சம்ப்பை இறக்கிப் பாருங்கள்.

## வழி 1: எழுப்பி, தோற்றத்தை அப்படியே விடுவது

எந்திரம் மட்டும் பத்திரமாக ஓடும் நிலைக்கு வருகிறது. பெயின்ட், எழுத்து, சீட்டு, தழும்பு எதுவும் தொடப்படுவதில்லை. ரப்பர் என்று பெயர்பெற்ற எல்லாம் மாறும்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று பிரேக் ஹோஸ்கள், நான்கு வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் சீல்கள், எத்தனால் தாங்கும் பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் கிட். ஹெமியின் கிராஸ் ராம் என்ற காற்றுக் குழாய் அமைப்பில் கார்புரேட்டர் இரண்டு, ஆகவே கிட்டும் இரண்டு. இன்றைய 10 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய பம்ப் டயஃப்ரத்தைக் கரைத்துவிடும். கிட் வாங்கும்போது அது எத்தனாலுக்கு ஏற்றதா என்று பாருங்கள். பழைய வீல் சிலிண்டர்களுக்கு உள்ளே ஸ்டெயின்லெஸ் உறை போட்டால் அசல் வார்ப்பே தங்கிவிடும்.

டயர் விஷயத்தில் இரக்கம் கூடாது. பழைய ஸ்லிக் டயரை (பள்ளக் கோடுகள் இல்லாத ஓட்ட டயர்) தள்ளிக் காட்சிக்கு வைக்கலாம், ஓட்டக் கூடாது. மெக்னீசியம் சக்கரங்களும் அப்படியே. விரிசல் வெளியே தெரியாது.

மறைந்திருக்கும் செலவு பெயின்ட் பாதுகாப்பில் இருக்கிறது. கதவில் பெயர் எழுதியவர்கள் தூரிகையால் போர்டு எழுதுகிறவர்கள். அதன்மேல் நிறமற்ற மேற்பூச்சான கிளியர் பூசாமல் விட்டிருந்தால், பாலிஷ் காம்பவுண்ட் வைத்து இரண்டு தேய்ப்பில் எழுத்து துணிக்கு வந்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீர், மறைவான இடத்தில் முன்சோதனை, அவ்வளவுதான். பின்னாளில் மேலே வேறு வண்ணம் அடித்திருந்தால், இருட்டறையில் பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் உள்ள எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். 1500, பிறகு 2000 எண் உப்புத்தாளால் ஈரத்தில், ஒரு உள்ளங்கை அளவு ஜன்னல் திறந்து, அது இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம். இந்த வேலைக்கு மணிக்கணக்கு கிடையாது, பொறுமைதான் கணக்கு. "பளபளப்புக்காக" பழைய பெயின்ட்மேல் கிளியர் அடிப்பதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். துரு உள்ளே சிறைப்படும், பிறகு எடுக்கவும் முடியாது.

சாலையில் ஓட்ட நினைப்பவர்கள் பின் ஆக்ஸில் விகிதத்தையும் கணக்குப் போடுங்கள். 4.88 விகிதம், 28 அங்குல டயர் என்றால் மணிக்கு 60 மைலில் என்ஜின் ஏறத்தாழ 3,500 சுற்று கத்தும். 3.54 விகிதம் போட்டால் 2,550. உள்ளே உள்ள பல்சக்கரங்களை மட்டும் மாற்றி, அசலைக் கிரீஸ் தடவிப் பெட்டியில் வைப்பதில் தவறில்லை. ஓட்டத்துக்கான ஹெமி 12.5க்கு 1 அமுக்கம் கொண்டது. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 93 ஆக்டேன் அதற்குப் போதாது. 110 ஆக்டேன் ரேஸ் பெட்ரோல்தான், அது காலனுக்கு மிக அதிக விலை.

ஓடிய காலத்துப் பெயின்ட் பாதிக்குமேல் இருந்து, தரைத்தகடு உறுதியாக இருந்தால் இந்த வழிக்கு நிகர் இல்லை. ஆண்டுதோறும் நவம்பரில் இலினாய் மாநிலம் ரோஸ்மான்ட்டில் நடக்கும் மஸில் கார் கண்காட்சியில் கொட்டகைக் கார்களுக்கென்றே தனி இடம் ஒதுக்குகிறார்கள், தூசியோடு.

## வழி 2: தொழிற்சாலை நிலைக்குப் புதுப்பித்தல்

ஓட்டத்தின் அடையாளம் எல்லாவற்றையும் நீக்கி, விற்பனைக்கு வந்த நாளின் நிலை. வெட்டிய வளைவுகளைத் திரும்பப் பற்றவைக்க வேண்டும், ஓட்டைகளை அடைக்க வேண்டும், பேட்டரியை முன்னால் கொண்டுவர வேண்டும். கமாரோ, செவெலுக்கு மறுதயாரிப்புத் தகடுகள் தாராளம். ஓட்டத்துக்கென்று வந்த கார்களுக்கு அந்த வசதி குறைவு: 1965 பிளைமவுத், டாட்ஜ் ஓட்டக் கார்களில் தகடே மெலிதாக அடித்தது, ஹெமி டார்ட்டின் கதவுகள் எடை குறைய அமிலத்தில் முக்கி எடுத்தவை. இவற்றின்மேல் மணல் அடித்தால் தகடு அலையடித்துப்போகும். பெயின்டைக் கெமிக்கலாலோ கையாலோதான் எடுக்கவேண்டும்.

செலவில் கண்ணுக்குத் தெரியாதது தேதிகள். ஒவ்வொரு வார்ப்பும் காரின் கட்டுமானத் தேதிக்குச் சற்று முந்தியதாக இருக்கவேண்டும். செவர்லே பிளாக்கில் 'B 14 9' என்றிருந்தால் 1969 பிப்ரவரி 14இல் வார்த்தது. 1969 ஜனவரியில் கட்டிய காரில் அது இருக்க வழியில்லை. இப்படிக் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் என்று ஒவ்வொன்றையும் தேடவேண்டும். ஓட்டக் கார்களின் அசல் என்ஜின் பெரும்பாலும் வெடித்திருக்கும். உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்த செவர்லே பிளாக்கில் 'CE' என்று முத்திரை இருக்கும். அது அவமானம் இல்லை, வரலாறு. அதைச் சுரண்டிப் பழைய எண்ணை அடிப்பது மோசடி, அதற்குத் துணைபோகும் பட்டறையிலிருந்து காரை உடனே எடுத்துவிடுங்கள்.

டிங்கரிங், பெயின்ட், கோர்ப்பு எல்லாம் சேர்ந்து 1,000 மணி நேரம் என்பது மிகையான கணக்கு இல்லை. மணிக்கு 100 டாலர் என்றால் கூலி மட்டுமே 1,00,000 டாலர்; என்ஜின், குரோம், உதிரி தனி.

ஹெமி டார்ட்டில் இந்த வழி விசித்திரமான இடத்துக்குப் போய்ச் சேரும். அந்தக் கார்கள் பிரைமர் பூச்சோடும், வண்ணமடிக்காத ஃபைபர்கிளாஸ் முன்பகுதியோடும்தான் விற்கப்பட்டன, உத்தரவாதமும் இல்லாமல். வாங்கியவர் பெயின்ட் அடித்துக்கொள்ள வேண்டும். ஆக, "தொழிற்சாலை நிலை" என்றால் ஒரு நாளும் ஓட்டப்பாதை பார்க்காத ஒரு சாம்பல் கூடு.

ஓட்டக்காலப் பெயின்ட் எப்போதோ போய்விட்டது, ஓட்டினவர் யாரென்றே தெரியாது, தரை துருப்பிடித்துவிட்டது, ஆனால் அசல் என்ஜினும் தாள்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட காருக்கு இதுவே சரி. ஃபோர்டுக்கு 1967 முதலான உற்பத்தித் தரவை மார்ட்டி அறிக்கையும், பான்டியாக்குக்கு அசல் விற்பனைப் பட்டியலை பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸும் தருகின்றன. அவற்றை வாங்கிய பிறகே வேலையை ஆரம்பியுங்கள்.

## வழி 3: ஓடிய நாளின் தோற்றத்துக்குத் திருப்புதல்

கேட்பதற்கு எளிது. சிக்கல், *எந்த* நாள் என்பதில். இந்தக் கார்கள் சீசனுக்குச் சீசன் மாறின: ஸ்பான்சர் பெயர், பானட் மேல் காற்றுக் குழி, சக்கரம், சில சமயம் முழு வண்ணமும். 1968 பெயின்டும் 1970 சக்கரமும் கலந்தால் அது எந்த நாளிலும் இல்லாத கார். ஒரு குறிப்பிட்ட ஓட்டத்தைத் தேர்ந்து, இருபக்கப் புகைப்படமும் கிடைத்த பிறகே ஸ்ப்ரே கன்னைத் தொடவேண்டும். கறுப்புவெள்ளைப் படம் வண்ணம் சொல்லாது; கதவு இடுக்கு, டிக்கி ஓரம், டேஷ்போர்டு அடி ஆகிய இடங்களில் மிஞ்சிய துளி பெயின்ட்தான் சொல்லும். எழுத்துகளை டிரேசிங் தாளில் அளவோடு ஒற்றி எடுத்துக்கொண்டு, தூரிகை பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வினைல் ஸ்டிக்கர் பத்தடி தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

இதன் மறைசெலவு நம்பகத்தன்மை. புதுப் பெயின்ட் அடித்ததும் உங்கள் காருக்கும் போலிக்கும் வெளியே வித்தியாசம் இல்லை. அதனால், மேலே சொன்ன உடம்புத் தழும்புகளை மூடாமல் விட்டு, ஒவ்வொன்றையும் பெயின்டுக்கு முன்பே படமெடுத்து வைக்கவேண்டும். அன்றைய ஓட்டுநரோ மெக்கானிக்கோ உயிரோடு இருந்தால் காரை அவருக்குக் காட்டி, அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். அவர்களுக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டுகிறது. பெயின்ட் வேலை காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

## வழி 4: மறுபடி கால் மைலுக்கு

இப்படிப்பட்ட பழைய சூப்பர் ஸ்டாக் வகுப்புக் கார்களுக்கென்று இன்றும் பந்தயங்கள் உண்டு. ஆனால் விதி இன்றையது. டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதிப்படி 11.49 விநாடி அல்லது அதற்கும் வேகமாக ஓடினால், கவிழ்ந்தால் காக்கும் குழாய் வளைவான ரோல் பார், 9.99 அல்லது அதற்கும் வேகம் என்றால் முழுக் கூண்டும் சேஸிஸ் சான்றிதழும். ஸ்லிக் டயரோடு 13.99ஐத் தொட்டாலே டிரைவ்ஷாஃப்ட் முறிந்தால் தாங்கும் வளையம் வேண்டும். ஹெமி டார்ட் புதிதிலேயே பத்து விநாடிச் சொச்சத்தில் ஓடிய கார், ஆகவே அசல் தரையில் ரோல் பார் பற்றவைக்காமல் தப்பிக்க முடியாது. அந்தத் தழும்பு நிரந்தரம்.

சீட் பெல்ட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாடா மாற்றவேண்டும். கிளட்ச், ஃப்ளைவீல் ஆகியவற்றுக்கு எஸ்எஃப்ஐ என்ற பாதுகாப்புத் தர அமைப்பின் முத்திரை வேண்டும். 1968 ஃப்ளைவீலை 7,000 சுற்றில் நம்பி உட்காருவது காலைப் பணயம் வைப்பது.

1970களிலேயே பின்பகுதியை வெட்டி, அகல டயருக்கு இடம் செய்து, கூண்டு போட்ட காரா? அசல் என்ஜினும் இல்லையா? அதற்கு இதுதான் மரியாதை, தயங்க வேண்டாம். வெட்டுப்படாத காருக்கு இந்த ஆசை வந்தால், இன்னொரு சாதாரண டார்ட் கூட்டை வாங்கி, புதிய பிளாக் போட்டு, அதை ஓட்டுங்கள். கூட்டல் கணக்கிலும் அதுவே லாபம்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | எழுப்பி விடுதல் | தொழிற்சாலை நிலை | ஓடிய நாள் | மறு ஓட்டம் |
|---|---|---|---|---|
| திரும்ப முடியுமா | ஏறக்குறைய முழுதும் | முடியாது | முடியாது | முடியவே முடியாது |
| காலம் | சில மாதம் | 2 ஆண்டும் மேலும் | 1 முதல் 2 ஆண்டு | சுமார் 1 ஆண்டு |
| மறைசெலவு | பெயின்ட் பாதுகாப்பு, ஈரமில்லாத இடம் | தேதி பொருந்திய உதிரி | படங்கள், சாட்சிகள், தூரிகை எழுத்து | சான்றிதழ், பெல்ட், பெட்ரோல், டயர் |
| சாலையில் | ஓரளவு | நன்றாக | அரிதாக | இல்லை |
| பொருந்தும் கார் | ஓட்டக்காலப் பெயின்ட் உள்ளது | தாள் உண்டு, ஓட்டக் கதை இல்லை | கதை உண்டு, பெயின்ட் இல்லை | ஏற்கெனவே வெட்டியது |

எதிலும் மனம் நிலைக்காவிட்டால் வழி 1இல் தொடங்குங்கள். அதிலிருந்து மற்ற மூன்றுக்கும் பிறகு போகலாம், எதிர்த்திசையில் வர முடியாது.

## விற்றுவிடுவது என்றால்

அதுவும் வழிதான், குறிப்பாகப் பட்டறைக்குக் கொடுக்கப் பணமும் வைக்க இடமும் இல்லாதபோது. பாதி பிரித்த கார்தான் சந்தையில் மிகக் கீழே போகும். பிரிக்காத கார் அதைவிட மேல். ஆகவே கழுவாமல், கழற்றாமல், என்ஜின் கையால் சுழல்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்து, அதை வீடியோ எடுத்து விற்கலாம். கொட்டகையில் கிடக்கும் பெட்டிகளைக் காரோடு சேர்த்தே கொடுங்கள்: உடைந்த பிஸ்டன், பழைய ஹெடர், தேய்ந்த ஸ்லிக், ரப்பர் பேண்டு போட்ட டைம் ஸ்லிப் கட்டு. அந்தக் கட்டைத் தனியாக விற்றால் சில டாலர் வரும், ஆனால் அடுத்தவர் இந்தக் கார் எது என்று நிரூபிக்க வேறு வழியிருக்காது.